டிரைவர் இல்லாத நெட்வொர்க் கார்டு

போன கோடை விடுமுறையில் மாமா வீட்டுப் பரணில் இருந்து ஒரு பழைய பென்டியம் கம்ப்யூட்டரை இறக்கினோம். விண்டோஸ் 98. தாத்தா இருந்தபோது எழுதிய கடிதங்கள், வீட்டுக் கணக்கு, ஊர்க் கோயில் பற்றிய குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன. தாத்தா இப்போது இல்லை. அந்த ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துத் தரச் சொன்னார் மாமா. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை, ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஃபிளாப்பி டிரைவ் துருப்பிடித்துப் போயிருந்தது. சிடி டிரைவின் தட்டு வெளியே வந்தால் உள்ளே போகாது. பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் 98 அதற்கு டிரைவர் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்றால், "அதெல்லாம் கழட்டாதே மாப்ளே, அப்பா வெச்சது வெச்சபடி இருக்கட்டும்" என்று மாமா ஒரே பிடிவாதம். மிச்சம் இருந்த ஒரே வாசல், பின்பக்கம் இருந்த நெட்வொர்க் கார்டு. கேபிளைச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே ஒரு கார்டு இருப்பதே விண்டோஸுக்குத் தெரியவில்லை. 'புதிய வன்பொருளைச் சேர்' என்பதற்குப் போனால், தயாரித்த நிறுவனம் எது என்று ஒரு நீளமான பட்டியல். கார்டில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. கடைசியில் 'டிஸ்க் இருக்கிறதா?' என்று ஒரு பொத்தான். அந்த டிஸ்க் எந்தக் குப்பையில் போனதோ!

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பிரிண்டருக்கு டிரைவர் தொலைந்தால் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். சவுண்டு கார்டுக்கும் அப்படியே. நெட்வொர்க் கார்டின் டிரைவரும் இணையத்தில் இருக்கிறது, ஆனால் இணையத்துக்குப் போக அந்த டிரைவர் வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஏன் இந்த ஒரு கார்டு மட்டும் இப்படி என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

1981-ல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் நெட்வொர்க் என்ற எண்ணமே இல்லை. மதர்போர்டில் இருந்த பயாஸ் மென்பொருளுக்குக் கீபோர்டு தெரியும், திரை தெரியும், டிஸ்க் தெரியும், பிரிண்டர் தெரியும். இவற்றில் ஒன்றோடு பேச விரும்பும் புரோகிராம், பயாஸிடம் சொன்னால் போதும். நெட்வொர்க் கார்டுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் ஐபிஎம் ஒரு பெரிய காரியம் செய்தது. மெஷினின் சர்க்யூட் வரைபடங்களையும், பயாஸின் மூல நிரலையும்கூட ஒரு தொழில்நுட்பப் புத்தகமாகப் போட்டு விற்றது. காலியாக இருந்த ஸ்லாட்டுகளில் யார் வேண்டுமானாலும் கார்டு செய்து மாட்டலாம் என்று ஆனது.

மாட்டவும் செய்தார்கள். 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து ஈதர்நெட்டை உருவாக்கிய ராபர்ட் மெட்காஃப், 1979-ல் திரீகாம் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அந்த நிறுவனம் 1982-ல் ஐபிஎம் பிசிக்கு ஈதர்லிங்க் என்ற கார்டைக் கொண்டுவந்தது. பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். ஒவ்வொரு கார்டும் ஒவ்வொரு மாதிரி. பொதுவான பேச்சுவழி எதுவும் இல்லாததால், நெட்வொர்க் மென்பொருள் எழுதுகிறவர் ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பத்து மென்பொருள், இருபது கார்டு என்றால் இருநூறு வேலை!

டிரைவருக்கு முன்னால் கார்டையே சரியாக வைக்க வேண்டும். அதுவே பெரிய பாடு. இப்போதைய தலைமுறைக்கு ஜம்பர் என்றால் சட்டை. அப்போது அது இரண்டு ஊசிகளை இணைக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பி. அதை நகர்த்தித்தான் கார்டுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, போர்ட் முகவரி, அதாவது பிராசஸர் இந்தக் கார்டைக் கூப்பிட வேண்டிய எண். இன்னொன்று ஐஆர்க்யூ, அதாவது ஒரு பாக்கெட் வந்து சேர்ந்ததும் கார்டு பிராசஸரின் தோளைத் தட்டிக் கூப்பிடும் வழி. முதல் ஐபிஎம் பிசியில் இப்படி 8 வழிகள்தான். 1984-ல் வந்த ஏடி மாடலில் 16 ஆனது. டைமர், கீபோர்டு, ஃபிளாப்பி, சீரியல் போர்ட்டுகள், பிரிண்டர், ஹார்ட் டிஸ்க் என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் காலத்து ஸ்லாட்டில் ஒரே வழியை இரண்டு கார்டுகள் நம்பிக்கையாகப் பகிர்ந்துகொள்ள முடியாது. இரண்டும் மோதினால் சில சமயம் மெஷின் உறையும், சில சமயம் மவுஸ் நிற்கும், சில சமயம் ஒன்றுமே ஆகாது, நெட்வொர்க் மட்டும் வேலை செய்யாது. கடைசி வகைதான் மிக மோசம், ஏனென்றால் எங்கே தேடுவது என்றே தெரியாது.

இந்தக் கதையின் நாயகன் என்இ-2000 என்ற கார்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நொவெல் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. நொவெலின் உண்மையான வியாபாரம் நெட்வேர் என்ற மென்பொருள். கார்டு மலிவானால்தான் ஆபீஸ்கள் நெட்வொர்க் போடும், நெட்வொர்க் போட்டால்தான் நெட்வேர் விற்கும். ஆகவே எளிமையான ஒரு கார்டு. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் 8390 என்ற சிப், அந்த நிறுவனமே மாதிரியாக வெளியிட்டிருந்த சர்க்யூட்டை ஒட்டிய வடிவமைப்பு, 16 கிலோபைட் நினைவகம், அவ்வளவுதான். பாக்கெட்டை நினைவகத்துக்கு மாற்றும் வேலையையும் கார்டு செய்யாது. பிராசஸரே ஒரு போர்ட்டின் வழியாக இரண்டிரண்டு பைட்டாக மொண்டு எடுக்க வேண்டும், கிணற்றில் வாளி விட்டு இறைப்பதைப் போல.

அதன் வழக்கமான முகவரி 300, ஐஆர்க்யூ 3. (300 என்பது பதினாறடிமான எண்.) 300-லிருந்து தொடங்கும் 32 முகவரிகளைச் சோதனைக் கார்டுகளுக்கு என்று ஐபிஎம் ஒதுக்கி வைத்திருந்தது. என்இ-2000-க்குத் தேவையும் சரியாக 32. ஆனால் ஐஆர்க்யூ 3 ஏற்கெனவே இரண்டாவது சீரியல் போர்ட்டின் சொத்து. வீட்டுக்கு வந்த மருமகளும் நாத்தனாரும் ஒரே அறையைக் கேட்ட மாதிரி. இந்த மோதலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இனி மென்பொருள் பக்கம். ஆரம்பகால நெட்வேரில் டிரைவர் என்று தனியாக ஒரு ஃபைல் கிடையாது. எந்தக் கார்டு, எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ என்று பட்டியலில் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நெட்வொர்க் புரோகிராமையே தனியாகத் தயாரிக்க வேண்டும். ஜம்பரை மாற்றினால் மறுபடி தயாரிக்க வேண்டும். ஐம்பது மெஷின் உள்ள ஆபீஸில் இந்த வேலை பார்த்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

1980களின் இறுதியில் இதற்கு மூன்று தரப்பிலிருந்து தீர்வு வந்தது. மூன்றிலும் யோசனை ஒன்றுதான்: கார்டைத் தெரிந்தவன் ஒருவன், நெட்வொர்க் மொழியைத் தெரிந்தவன் இன்னொருவன், இருவருக்கும் நடுவே ஒரு பொது ஒப்பந்தம். மைக்ரோசாஃப்டும் திரீகாமும் சேர்ந்து என்டிஐஎஸ் என்ற ஒப்பந்தத்தைச் செய்தன. நொவெலும் ஆப்பிளும் சேர்ந்து ஓடிஐ என்பதைச் செய்தன. இரண்டும் பெரிய வீட்டுக் கல்யாணங்கள். ஒரு ஓடிஐ மெஷினில் முதலில் இணைப்பு அடுக்கு, பிறகு கார்டின் டிரைவர், பிறகு மொழி அடுக்கு, பிறகு நெட்வேர் என்று வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் டாஸின் 640 கிலோபைட்டில் ஒரு துண்டைக் கடித்துக்கொள்ளும். எல்லாம் ஏறி முடித்ததும், எதற்காக நெட்வொர்க் போட்டோமோ அந்தக் கணக்கு மென்பொருளுக்கு இடம் இருக்காது. என்டிஐஎஸ் மட்டும் பல பதிப்புகள் மாறி இன்றைய விண்டோஸிலும் அதே பெயரில் தொடர்கிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. எஃப்டிபி சாஃப்ட்வேர் என்ற சிறிய நிறுவனம் 'பாக்கெட் டிரைவர்' என்று ஒரு ஒப்பந்தத்தை எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. சில பக்கங்கள்தான். டிரைவர் 60 முதல் 80 வரையுள்ள (இதுவும் பதினாறடிமானம்) ஏதாவது ஒரு மென்பொருள் இன்டரப்டில் உட்கார்ந்துகொள்ளும். அதன் வாசலில் 'பிகேடி டிஆர்விஆர்' என்று எட்டு எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை (நடுவில் உள்ள இடைவெளியும் அந்த எட்டில் ஒன்று). நெட்வொர்க் புரோகிராம் அந்த வரிசையில் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போய், பலகை இருக்கும் வீட்டைத் தட்டும். இவ்வளவு எளிமையாக இருந்ததால், ஒரு பெரிய நிறுவனத்தின் உதவி இல்லாமல் தனி ஆள்கூட டிரைவர் எழுத முடிந்தது.

அப்படி எழுதியவர்தான் ரஸல் நெல்சன். நியூயார்க் மாநிலத்துக் கிளார்க்சன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவர் தொடங்கிய பாக்கெட் டிரைவர் தொகுப்பு, பிறகு அவருடைய கிரின்வர் சாஃப்ட்வேர் பெயரில் தொடர்ந்தது. ('கிரின்வர்' என்றால் வெல்ஷ் மொழியில் குவேக்கர். அவர் அந்தச் சமயப் பிரிவைச் சேர்ந்தவர்.) அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டவை, மூல நிரலோடு, ஜிபிஎல் உரிமத்தில் இலவசம். அதன் அமைப்பு புத்திசாலித்தனமானது. எல்லா டிரைவருக்கும் பொதுவான தலைப்பகுதி ஒன்று, வால்பகுதி ஒன்று. நடுவில் கார்டுக்கே உரிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். அதிலும் 8390 சிப் உள்ள கார்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுக் கோப்பு. ஆகவே அடுத்தவர்கள் எழுதிய டிரைவர்களும் தொகுப்பில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. ஏற்றுவதற்கு ஒரே வரி: டிரைவரின் பெயர், இன்டரப்ட் எண், ஐஆர்க்யூ, போர்ட் முகவரி. முடிந்தது.

மற்றொரு பக்கம், தைவான் நிறுவனங்கள் என்இ-2000-ஐப் போலவே கார்டு செய்ய ஆரம்பித்தன. வடிவமைப்பில் ரகசியம் இல்லை, சிப் கடையில் கிடைக்கிறது, முக்கியமாக டிரைவர் ஏற்கெனவே எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. புதிதாக ஒரு கார்டு செய்து அதற்கு டிரைவரும் எழுதி எல்லோரையும் ஏற்கச் செய்வதைவிட, 'என்இ-2000 போலவே நடக்கும்' என்று பெட்டியில் அச்சடிப்பது சுலபம். பிறகு ரியல்டெக், வின்பாண்ட் போன்றவர்கள் மொத்தக் கார்டையும் ஒரே சிப்புக்குள் அடக்கினார்கள். ரியல்டெக்கின் 8019 அப்படிப்பட்ட ஒன்று. வேகத்திலும் நேர்த்தியிலும் திரீகாமின் ஈதர்லிங்க்-3 போன்றவை எவ்வளவோ மேல். அதில் ஜம்பரே கிடையாது. ஒரு புரோகிராமை ஓட்டி எண்களை மாற்றலாம். ஆனால் மலிவு ஜெயித்தது, வழக்கம்போல.

நகல் என்றால் கோளாறு இல்லாமல் இருக்குமா? அசல் என்இ-2000-ன் உள்ளே, கார்டின் முகவரியைச் சேமித்து வைத்திருக்கும் சின்ன நினைவகத்தின் கடைசி இரண்டு பைட்டுகளில் 57, 57 என்ற எண்கள் (பதினாறடிமானத்தில்தான்) இருக்கும். டிரைவர் அதைப் பார்த்துத்தான் 'சரி, நம்ம ஆள்தான்' என்று முடிவு செய்யும். சில நகல்காரர்கள் எல்லாவற்றையும் காப்பியடித்து இந்த இரண்டு எண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். பரீட்சையில் பக்கத்து விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டுக் கேள்வி எண்ணைப் போடாமல் விட்டவர்கள் மாதிரி!

அந்த நகல்களின் பட்டியலை நான் பார்த்தது லினக்ஸ் கெர்னலின் என்இ-2000 டிரைவரில். 'மோசமான நகல்கள்' என்ற பொருளில் பெயரிட்டு, முகவரியின் முதல் மூன்று பைட்டுகளை வைத்து அடையாளம் கண்டு, கடைசியில் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது அந்த நிரல். எழுதத் தொடங்கியவர் டொனால்ட் பெக்கர். லினக்ஸின் ஆரம்பகால ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பாலானவை அவர் கைவண்ணம். நாசாவின் காடர்ட் மையத்தில் இருந்தபோது, 1994-ல் தாமஸ் ஸ்டெர்லிங்குடன் சேர்ந்து, 486 டிஎக்ஸ்4 பிராசஸர் கொண்ட 16 சாதாரணக் கம்ப்யூட்டர்களை ஈதர்நெட்டால் இணைத்து பேவுல்ஃப் என்ற கூட்டுக் கணினியைக் கட்டினார். பிராசஸர்களின் வேகத்துக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் போதவில்லை. உடனே டிரைவரை மாற்றி எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட கேபிள்களைச் சேர்த்து ஒரே பாதையாக்கினார். டிரைவரின் நிரல் கையில் இல்லாவிட்டால் இதைச் செய்திருக்க முடியுமா? எந்த நிறுவனத்துக்கு மனுப் போட்டிருப்பார்?

விண்டோஸ் பக்கம் 1995-ல் எல்லாம் மாறும் என்று சொன்னார்கள். 1993-லேயே மைக்ரோசாஃப்டும் இன்டெலும் பழைய ஸ்லாட்டுக்குப் பிளக் அண்ட் பிளே என்ற விதிமுறையை எழுதியிருந்தன. இன்டெலின் பிசிஐ ஸ்லாட்டும் வந்துவிட்டது. பிசிஐ கார்டு ஒவ்வொன்றும், நான் யார், யார் செய்தது என்று இரண்டு எண்களைச் சொல்லும். (இன்டெலுக்கு உரிய எண் என்ன தெரியுமா? 8086! தன் புகழ்பெற்ற பிராசஸரின் பெயரையே எடுத்துக்கொண்டது.) ஐஆர்க்யூவை பயாஸும் விண்டோஸும் பங்கிட்டுக்கொடுத்தன. ஜம்பர் கவலை தீர்ந்தது. ஆனால் டிரைவர் இன்னமும் ஃபிளாப்பியில்தான். ஐபி முகவரியில் ஒரு எண்ணை மாற்றினால்கூட விண்டோஸ் 95 சிடியைப் போடு என்று கேட்டு, பிறகு மெஷினை மறுபடி தொடங்கச் சொல்லும். கார்டு தன் பெயரைச் சொல்லத் தெரிந்துகொண்டது; பெயரைக் கேட்டு என்ன செய்வது என்பது மட்டும் வேறொரு டிஸ்க்கில் இருந்தது.

மலிவு ராஜ்ஜியம் பிசிஐ காலத்திலும் தொடர்ந்தது. இந்த முறை ரியல்டெக் 8139. ஃப்ரீபிஎஸ்டிக்கு இதன் டிரைவரை எழுதிய பில் பால், கீழ்த்தரம் என்ற சொல்லுக்கே இந்த கார்டு புது அர்த்தம் தந்துவிட்டது என்ற பொருளில் நிரலின் உள்ளேயே திட்டி எழுதியிருக்கிறார். வருகிற பாக்கெட் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கொட்டிவிடும், பிராசஸர்தான் ஒவ்வொன்றாக நகல் எடுக்க வேண்டும் என்பது அவர் கோபம். திட்டினாலும் டிரைவரை எழுதிக் கொடுத்தாரே, அதுதான் பெரிய மனசு.

சரி, மாமா வீட்டுக்கு வருவோம். இதையெல்லாம் படித்த பிறகு டார்ச் அடித்து அந்தப் பெயரில்லாத கார்டைத் திரும்பப் பார்த்தேன். நடுவில் இருந்த பெரிய சிப்பில் 8019 என்று மங்கலாகத் தெரிந்தது. அட, இது என்இ-2000-ன் வாரிசு அல்லவா! விண்டோஸ் 98-ன் பட்டியலில் நொவெல் என்று தொடங்கும் வரியைத் தேடினால், அதில் 'என்இ-2000 போன்றது' என்று ஒரு டிரைவர் முதலிலிருந்தே இருக்கிறது. டிஸ்க்கே தேவையில்லை. விண்டோஸ் சிடியில் உள்ளதை ஹார்ட் டிஸ்க்கிலேயே யாரோ ஒரு புண்ணியவான் நகல் எடுத்து வைத்திருந்ததால் சிடியும் தேவைப்படவில்லை. 300, 3 என்று எண்களைக் கொடுத்து மெஷினை மறுபடி தொடங்கினேன்.

மஞ்சள் ஆச்சரியக்குறி. மோதல்!

முன்பு சொன்னேன் அல்லவா, அதே இரண்டாவது சீரியல் போர்ட். பயாஸுக்குள் போய் அந்தப் போர்ட்டை அணைத்துவிட்டு வந்தேன். கார்டின் பச்சை விளக்கு எரிந்தது. ரவுட்டருக்கு ஒரு பிங் அனுப்பினேன், பதில் வந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன, நாலு வரி இங்கிலீஷ் வந்திருக்கு" என்றார். இன்றைய இணையத்தளங்கள் எதுவும் அந்த மெஷினில் திறக்காது, அது வேறு கதை. என் லேப்டாப்பில் ஒரு எஃப்டிபி சர்வரை ஓடவிட்டு, தாத்தாவின் ஃபோல்டரை முழுவதும் இழுத்துக்கொண்டேன். மொத்தமே 11 மெகாபைட். அவற்றில் பாதி ஃபைல்கள் பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால் கிறுக்கலாகத் தெரிகின்றன; அதை யூனிகோடாக மாற்றும் வேலை இன்னும் நடக்கிறது.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். கார்டைச் செய்தவன் யாரென்றே தெரியாது. எஃப்டிபி சாஃப்ட்வேரை 1998-ல் நெட்மனேஜ் வாங்கிவிட்டது. திரீகாமை 2010-ல் எச்பி வாங்கியது. 2011-ல் நொவெல் அட்டாச்மேட்டிடமும், நேஷனல் செமிகண்டக்டர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடமும் போய்ச் சேர்ந்தன. இவர்களில் யாராவது ஒருவர் வடிவமைப்பைப் பூட்டி வைத்திருந்தால் தாத்தாவின் கடிதங்கள் உள்ளேயே இருந்திருக்கும். என் கணக்கில் இந்தக் கார்டு பிழைத்ததற்குக் காரணம் தரம் அல்ல. அதைப் பற்றி எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததுதான் காரணம்.

லினக்ஸிலும் எல்லாம் நிரந்தரம் இல்லை. 2013-ஐ ஒட்டிப் பழைய ஈதர்நெட் டிரைவர்கள் பலவற்றைக் கெர்னலில் இருந்து நீக்கினார்கள். நீக்கியவர் பால் கார்ட்மேக்கர். 8390 டிரைவர்களைப் பல காலம் பராமரித்தவரும், லினக்ஸ் ஈதர்நெட் வழிகாட்டியை எழுதியவரும் அவரேதான். சோதித்துப் பார்க்கக் கார்டு வைத்திருப்பவர்கள் இல்லாதபோது என்ன செய்வது? ஆனால் அந்த முறை என்இ-2000 தப்பித்தது.

அது இப்போது வேறு உருவத்திலும் இருக்கிறது. க்யூஎமு, போக்ஸ் போன்ற எமுலேட்டர்கள், கற்பனைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கற்பனை என்இ-2000 கார்டை வைக்கின்றன. வி86 என்ற எமுலேட்டர் இதையே பிரவுசருக்குள் செய்கிறது. ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு ஒரு ராத்திரி க்யூஎமுவில் ஃப்ரீடாஸ் ஓட்டி, கிரின்வர் தொகுப்பில் இருந்து என்இ-2000 டிரைவரை ஏற்றிப் பார்த்தேன். சிப்பும் இல்லை, கேபிளும் இல்லை, ஜம்பரும் இல்லை. ஆனாலும் அந்த டிரைவர் ஐஆர்க்யூ எண் கேட்டது. யோசிக்காமல் 3 என்று தட்டப்போய், கையை எடுத்து 9 என்று மாற்றினேன்.